சவுக்குக் கட்டையில் ஒரு தீவு

மேட்டுப்பாளையம் என்றதும் உங்களுக்கு ஊட்டி ரயில் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் நான் சொல்வது அது இல்லை, புதுச்சேரி மேட்டுப்பாளையம். பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கும் ஊர். லாரி முனையம் இருக்கும் ஊர். நீங்கள் கல்யாண ஆல்பத்திலும் சினிமா பாட்டிலும் பார்க்கிற மஞ்சள் சுவர், காகிதப் பூ, பிரெஞ்சு எழுத்துப் போட்ட தெருப் பலகை எதுவும் இங்கே கிடையாது. காலையில் ஷிப்டுக்கு டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருகிற கூட்டம்தான் இந்த ஊரின் அடையாளம். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரைக் கேட்டுப் பாருங்கள். வானூர் பக்கம் என்பார்கள், திண்டிவனம் பக்கம் என்பார்கள். அதாவது தமிழ்நாடு.

கொஞ்ச தூரத்தில் கோரிமேடு, ஜிப்மர். அதையும் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். எங்கே வந்தது என்று சாதாரண நாளில் உங்களுக்குத் தெரியாது. கடைசி ஒயின்ஷாப் எங்கே முடிகிறதோ அங்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

2020 மார்ச் கடைசியில் அந்த எல்லை திடீரென்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பெரிய சாலைகளில் இரும்புத் தடுப்பு, குறுக்குச் சாலைகளில் சவுக்குக் கட்டை, சில இடங்களில் மண்ணையே கொட்டி மேடாக்கினார்கள். கோரிமேடு, கனகசெட்டிக்குளம், மதகடிப்பட்டு, முள்ளோடை எல்லாமே அதுவரை பஸ் ஸ்டாப் பெயர்கள். ஒரே ராத்திரியில் அவை சர்வதேச எல்லைச் சாவடிகளைப் போல ஆகிவிட்டன. இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள். இரண்டு பேருமே 'மேலிடத்து உத்தரவு' என்றார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன, இப்போது எதற்கு அந்தக் கதை என்று கேட்பீர்கள். அன்று செய்ததை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை, அதனால்தான். 'நாம் ஒரு தீவு, கதவைச் சாத்திக்கொண்டால் தப்பித்தோம்' என்ற நினைப்பில் புதுச்சேரியை ஆண்டவர்களும் சரி, எதிர்ப்பக்கம் தமிழ்நாட்டை ஆண்டவர்களும் சரி, விதிகள் போட்டார்கள். அடுத்த நோய் வந்தால் இதே சவுக்குக் கட்டையைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கட்டை எங்கேயும் போய்விடவில்லை, ஸ்டேஷன் பின்னாடி அடுக்கித்தான் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிமைப்படுத்தலே கூடாது என்று பேசுகிற ஆள் நான் இல்லை. மாஸ்க் வேண்டாம், ஊசி வேண்டாம், எல்லாம் பில் கேட்ஸ் சதி என்று வாட்ஸப்பில் அனுப்புகிற கோஷ்டிக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடக் கிடைக்காது. நோய் வருகிற வழியை அடைப்பது மனுஷன் கண்டுபிடித்த பழைய மருந்துகளில் ஒன்று. 1377-ல், இன்றைக்கு குரோஷியாவில் இருக்கிற ராகுசா என்ற துறைமுகத்தில், பிளேக் ஊர்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியிலேயே நிறுத்தினார்கள். பிறகு அது நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பதுதான் 'குவாரன்டைன்' என்ற சொல்லே. வெனிஸ்காரர்கள் 1423-ல் அதற்கென்று ஒரு தீவையே ஒதுக்கினார்கள். அவர்கள் ஊரும் தீவு, ஒதுக்கிய இடமும் தீவு. கப்பல் வந்தால்தான் ஆள் வர முடியும். கப்பலை நிறுத்தினால் நோயை நிறுத்தலாம். கணக்கு சரியாக வந்தது.

அந்தக் கணக்கு நம் காலத்திலும் வந்தது. லட்சத்தீவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே 64,473 பேர், மக்கள் வசிப்பது பத்துத் தீவுகளில். பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. சீரியஸ் என்றால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத் தூக்க வேண்டும். அதனால் பயந்தார்கள், நியாயமான பயம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் கொச்சியிலேயே ஏழு நாள் தனிமை, பரிசோதனை, ஊர் போன பிறகு மறுபடி வீட்டுத் தனிமை என்று விதி. சொந்த வீட்டுக்குப் போகிறவனுக்கும் அதுதான். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். பலன் என்ன? நாடு முழுக்க லட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தபோது, 2020 முழுக்க லட்சத்தீவில் ஒரு நோயாளிகூட இல்லை. ஒன்றுகூட!

அப்புறம் என்ன நடந்தது? 2020 டிசம்பரில் புது நிர்வாகியாக பிரஃபுல் கோடா படேல் வந்தார். கொச்சித் தனிமை போயிற்று. 'கையில் நெகட்டிவ் சர்டிபிகேட் இருந்தால் போதும், கப்பல் ஏறலாம்' என்று ஆயிற்று. 2021 ஜனவரி 18-ந்தேதி முதல் நோயாளி. கடைசியில் பதினோராயிரத்துக்கும் மேல் பாதிப்பு, ஐம்பதுக்கும் மேல் சாவு. அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு வந்திருக்கிறது. விதியைத் தளர்த்தாமல் இருந்திருந்தால் எப்போதுமே வந்திருக்காதா? அப்படிச் சொல்ல மாட்டேன். என்றைக்காவது வந்திருக்கும். ஆனால் தடுப்பூசி நாட்டில் அப்போதுதான் போட ஆரம்பித்திருந்தார்கள். முதல் ஊசி 2021 ஜனவரி 16. இன்னும் ஐந்தாறு மாதம் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தால், ஊசி போட்ட உடம்புக்குத்தானே அந்த நோய் வந்திருக்கும்? அந்த ஐந்தாறு மாதத்தை அந்த ஜனங்களிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். இதைக் கோபமாகப் பேசிய ஆயிஷா சுல்தானா என்ற சினிமாக்காரப் பெண்மேல் 2021 ஜூனில் தேசத்துரோக வழக்கு. பேச்சில் அவர் உபயோகித்த ஒரு வார்த்தை தப்பு என்று வாதம் செய்யலாம். அதற்கு தேசத்துரோகமா?

நிஜத் தீவில் கதவைத் திறந்துவிட்டார்கள். தீவே இல்லாத ஊரில் கதவைச் சாத்தினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கிறுக்குத்தனத்தைத்தான் உங்கள்முன் வைக்கப் பார்க்கிறேன்.

புதுச்சேரியின் வரைபடத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு அப்பளத்தைக் கையால் நொறுக்கி இலையில் போட்ட மாதிரி இருக்கும். காரைக்கால் எங்கேயோ நாகப்பட்டினம் பக்கம். மாஹே கேரளாவில், ஏனாம் ஆந்திராவில். அவற்றை விடுங்கள், புதுச்சேரி மாவட்டமே ஒரே துண்டு இல்லை, பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, 'இந்த கிராமம் உனக்கு, அந்த கிராமம் எனக்கு' என்று பிரித்துக்கொண்ட மிச்சம். ஆற்றையோ மலையையோ பார்த்துப் போட்ட கோடு இல்லை.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், போதும். காலாப்பட்டு. பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மத்திய சிறை அங்கே இருக்கிறது. இரண்டும் புதுச்சேரி. ஆனால் கடற்கரைச் சாலையில் டவுனிலிருந்து காலாப்பட்டு போக வேண்டுமென்றால் கோட்டக்குப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி கோர்ட்டில் தண்டனை வாங்கிய கைதியைப் புதுச்சேரி போலீஸ் புதுச்சேரி ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதுகூட நடுவில் தமிழ்நாட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். இந்த ஊரைப் போய்த் தீவு என்றால் என்ன சொல்வது? தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும். இங்கே சுற்றிலும் இருப்பது சொந்தக்காரர்கள்.

இந்த எல்லைக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். 1908-ல் பாரதியார் வெள்ளைக்காரன் வாரண்டுக்குத் தப்பி இங்கேதான் வந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில், பாரதி எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் காலை வைத்ததும் கடலூரில் பிடித்துக்கொண்டார்கள். துரத்தப்பட்டவனுக்கு இடம் கொடுத்த கோடு இது. நூறு வருஷம் கழித்து அதே கோட்டில் நின்றுகொண்டு, 'ஆதார் கார்டில் என்ன அட்ரஸ் போட்டிருக்கு?' என்று கேட்டோம்.

யாரைக் கேட்டோம்? இதுதான் விஷயம்.

2020 மார்ச் கடைசி வாரம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி, அறுபத்தைந்து வயது. மனைவிக்குப் புற்றுநோய், சிகிச்சை ஜிப்மரில். தேதி கொடுத்திருந்தார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை, கார் வைக்கக் காசு இல்லை. சைக்கிள் இருந்தது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். ஜிப்மருக்கு வந்து சேர்ந்தால், வெளிநோயாளிகள் பிரிவு மூடியிருந்தது. ஆனாலும் விஷயத்தைக் கேட்ட டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. சிகிச்சை கொடுத்து, மருந்து கொடுத்து, கையிலிருந்து பணமும் போட்டு, ஆம்புலன்ஸ் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். பேப்பரில் வந்தது, டி.வி.யில் வந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். 'என்ன ஒரு காதல்!' என்று ஃபார்வர்டு செய்தோம்.

நான் அந்தச் செய்தியை வேறு மாதிரி படிக்கிறேன். சைக்கிள் மிதிக்கத் தெரிந்த புருஷன் இருந்ததால் அந்தம்மா வந்து சேர்ந்தார். மிதிக்க முடியாத புருஷன்கள் எத்தனை பேர்? புருஷனே இல்லாதவர்கள்? ஜிப்மர் மத்திய அரசு ஆஸ்பத்திரி. புதுச்சேரி அரசின் சொத்து இல்லை. அங்கே வருகிற நோயாளிகளில் பெரும் பகுதி விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டு ஜனங்கள்தான். அந்த ஆஸ்பத்திரிக்கும் அதன் நோயாளிகளுக்கும் நடுவில் ஒரு சவுக்குக் கட்டையைப் போட்டுவிட்டு, 'டெலிபோனில் டாக்டரிடம் பேசலாம்' என்றார்கள். கீமோதெரபியை டெலிபோனில் ஏற்ற முடியுமா?

அப்புறம் வந்தது இ-பாஸ் புராணம். தமிழ்நாட்டில் பாஸ் வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் கல்யாணம் நடக்க வேண்டும், இல்லை சாவு விழ வேண்டும், இல்லை யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். 'வேலைக்குப் போகாவிட்டால் சாப்பாடு கிடையாது' என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. கம்பெனி பெரிசாக இருந்தால் கம்பெனியே பாஸ் வாங்கிக் கொடுத்தது. கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவனுக்கு, கட்டட சித்தாளுக்கு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு யார் வாங்கிக் கொடுப்பது? புரோக்கர்கள் கிளம்பினார்கள். காசு வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துத் தந்ததாகத் தமிழ்நாட்டில் கைதானவர்கள் உண்டு. 2020 ஆகஸ்ட் 17-லிருந்து, விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் பாஸ் உண்டு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது என்றால் எதற்கு ஸார் கேட்க வைக்க வேண்டும்? இத்தனைக்கும் மாநிலம் விட்டு மாநிலம் போகப் பாஸ் தேவையில்லை என்று மத்திய உள்துறை மே மாதக் கடைசியிலேயே சொல்லிவிட்டது. கூடவே, மாநிலங்கள் விரும்பினால் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு வாலையும் விட்டது. கடைசியில் ஆகஸ்ட் 22-ந்தேதி உள்துறைச் செயலாளர் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, தடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

'சரிங்க, ஆனா அப்படிச் சாத்தினதாலதானே ஆரம்பத்துல பாண்டியில கேஸ் கம்மியா இருந்துச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் எண்ணிக்கை குறைவுதான். கதிர்காமம் மெடிக்கல் காலேஜைக் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்ற அந்த அவகாசம் உதவியது, மறுக்கவில்லை. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நோய் ஊர் ஊராகக் கிளம்பிய சமயத்தில் யாரும் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் நாடு முழுக்கவே ஊரடங்கில் கிடந்தது. மூடிக் கிடந்த நாட்டில் நோய் குறைவாக இருந்ததற்குக் காரணம் கோரிமேட்டுக் கட்டைதான் என்று எப்படிச் சொல்வது? ஆகஸ்ட், செப்டம்பரில் என்ன ஆயிற்று? பன்னிரண்டரை லட்சம் ஜனத்தொகை இருக்கிற யூனியன் பிரதேசத்தில், வருஷம் முடிவதற்குள் 38 ஆயிரம் பேருக்கு நோய், 600 பேருக்கு மேல் சாவு. லட்சத்தீவில் பூஜ்யம். அங்கே ஒரே வாசல், அந்த வாசலில் ஒழுங்கான காவல். இங்கே நூறு வாசல். அதில் பெரிய சாலை நாலைந்தில் மட்டும் காவல், அதிலும் பாஸ் உள்ளவனுக்குத் திறக்கும் காவல். வயல் வரப்பு வழியாக ஜனங்கள் நடந்து போனார்கள். வரப்பில் போன நோயாளியை யார் பரிசோதித்தது? ரோட்டில் வந்திருந்தால் காய்ச்சலாவது பார்த்திருக்கலாம். கட்டை போட்டதால் நோயைத் தடுக்கவில்லை, நோயாளியைக் கண்ணிலிருந்து மறைத்தோம்.

மற்ற துண்டுகளின் கதை இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் ஏனாம் தொழிலாளர்கள் ஆந்திராவிலிருந்து ஊர் திரும்பினார்கள். சொந்த ஊர். எல்லையில் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. மல்லாடி கிருஷ்ணாராவ்; அவர்தான் அப்போது புதுச்சேரியின் சுகாதார அமைச்சரும். அவரே அங்கே தர்ணாவில் உட்கார்ந்தார். சுகாதார அமைச்சர், தன் அரசாங்கத்தின் நிர்வாகத்தை எதிர்த்து, தன் ஜனங்களைத் தன் ஊருக்குள் விடச் சொல்லித் தர்ணா! கவர்னர் மாளிகையும் முதல்வர் அலுவலகமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த காலம் அது. கிரண்பேடி ஒன்று சொல்வார், நாராயணசாமி ஒன்று சொல்வார். நடுவில் நின்றவன் மூட்டை முடிச்சோடு வெயிலில் நின்றான்.

மாஹேயில் அதைவிட. அதே ஏப்ரல் 11-ந்தேதி மாஹேயைச் சேர்ந்த எழுபத்தொரு வயதுப் பெரியவர் கண்ணூர் பக்கத்தில் பரியாரம் மெடிக்கல் காலேஜில் இறந்துபோனார். மாஹே ஒன்பது சதுர கிலோமீட்டர். சுற்றிலும் கேரளா. ஆஸ்பத்திரி கேரளாவில். அவர் சாவு யார் கணக்கில்? 'எங்கள் ஆள் இல்லை' என்றது கேரளம். 'எங்களிடம் சிகிச்சைக்கே வரவில்லையே' என்றது புதுச்சேரி. உயிரோடு இருந்தபோது ஓட்டுக் கேட்க வந்திருப்பார்கள்தானே? செத்தபிறகு பட்டியலில் சேர்க்க இத்தனை தயக்கம். நம்பர் அழகாக இருக்க வேண்டுமாம்.

தீவு என்ற நினைப்பு வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். 'உள்ளே இருப்பவன் நம்மாள், வெளியே இருப்பவன் நோய்' என்று ஆகிவிடும். தமிழனுக்கு இது புதிதும் இல்லை. சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்கில் ஜெரஜாக் தீவு. 1870-களிலிருந்து கப்பலில் வந்த கூலிகளை இறக்கி அடைத்து வைத்த இடங்கள் அவை. யாரை அடைத்தார்கள்? டெக் பாசஞ்சர் என்று மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் படுத்து வந்தவர்களை. கேபினில் வந்த கனவான்களுக்கு வேறு விதி. நம் மண்டபம் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஜனங்களை இங்கே, நம் மண்ணில், இலங்கை அரசாங்கம் முகாம் போட்டு நாள்கணக்கில் நிறுத்தி வைத்தது. குளிக்கச் சொல்லி, துணியை ஆவியில் போட்டு எடுத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல். அதே ரயிலில் மேல்வகுப்பில் வந்தவர் நேராகப் போகலாம். காலராவுக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. பிற்பாடு அதே மண்டபத்தில் இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளை வைத்தோம்.

இலங்கையிலும் இந்தக் கொரோனா சமயத்தில் ஒன்று நடந்தது. முஸ்லிம்களின் உடல்களைக்கூட எரித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த அரசாங்கம், 2021-ல் ஊர் உலகமெல்லாம் கண்டித்த பிறகு இறங்கி வந்தது. புதைக்க இடம்? இரணைதீவு என்றார்கள். 1992-ல் விரட்டப்பட்டு, கடற்படையோடு போராடி 2018-ல்தான் திரும்பி வந்து குடிசை போட்ட தமிழ் மீனவர்களின் தீவு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இடம் ஓட்டமாவடிக்கு மாறியது. கொழும்பிலிருந்து பார்த்தால் தீவு என்பது காலி இடம். தில்லியிலிருந்து பார்த்தால் லட்சத்தீவும் அப்படித்தான்.

நம்மூருக்கு வருவோம். டெக் பாசஞ்சர், கேபின் பாசஞ்சர் வித்தியாசம் இங்கே எப்படி இருந்தது? 2020 மே 25-ந்தேதி புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தன. அங்கே ஒரு சிக்கல். விலை குறைவு என்று தமிழ்நாட்டு ஜனங்கள் படையெடுத்து வந்துவிட்டால்? அதற்காகக் கொரோனா வரி என்று ஒன்று போட்டு, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஏற்றினார்கள். 2021 ஏப்ரல் வரை அந்த வரி இருந்தது. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை! ஆனால் பாருங்கள், பாட்டில் விஷயத்தில் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜனம், ஒரே சந்தை, இங்கே ஒன்று செய்தால் அங்கே அசையும் என்று தெரிந்திருக்கிறது. பிராண்டு பிராண்டாகப் பட்டியல் போட்டுத் தமிழ்நாட்டு விலையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு மூளையை டயாலிசிஸ் நோயாளிக்கும் தினக்கூலிக்கும் செலவழித்திருந்தால் என்ன?

அந்த வருஷமே டிசம்பர் 31 வந்தது. தமிழ்நாடு, கடற்கரையில் புத்தாண்டுக் கொண்டாட்டம் கூடாது என்று தடை போட்டது. புதுச்சேரி அரசு, நிபந்தனைகளோடு கொண்டாடலாம் என்றது. கவர்னர் வேண்டாம் என்றார், முதல்வர் வேண்டும் என்றார், வழக்கமான சண்டை. நம்பர் ப்ளேட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும் யார் வந்தார்கள் என்று. அடுத்த வருஷமும், ஒமிக்ரான் பயத்தின் நடுவே, தமிழ்நாடு தடை, புதுச்சேரி அனுமதி. தீவின் கதவு, வீக் எண்டு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு ஐந்தாயிரம் ரூபாய் கொடுக்கிறவருக்குத் திறந்தது. ஐநூறு ரூபாய் கூலிக்கு வருகிற பெண்ணுக்கு மே மாதத்தில் சாத்தியிருந்தது. நீங்கள் சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவராக இருந்தால், அந்த முதல் ஆள் நீங்களாகக்கூட இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். டூரிஸ்ட் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. கேபினுக்கு ஒரு விதி, டெக்குக்கு ஒரு விதி என்பதைத்தான் கேட்கிறேன்.

தனிமைப்படுத்தலும் அப்படித்தான். தனி ரூம், அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறவருக்குப் பதினாலு நாள் தனிமை என்பது நெட்ஃபிளிக்ஸ். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் 'தனியாக இருங்கள்' என்றால் எங்கே இருப்பது? வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், கையில் சீல் குத்தினார்கள், தெருவை அடைத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் வரமாட்டார், மளிகைக்கடைக்காரர் கடன் கொடுக்கமாட்டார். வாசலில் ஒட்டாதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2020 டிசம்பரில். அதற்குள் எத்தனை பேர் காய்ச்சலை மறைத்து, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்களோ! நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பதினாலு நாள் உட்காரச் சொன்னால் பதினாலு நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு உட்காரச் சொல்ல வேண்டும். காசு கொடுக்காமல் போடுகிற தனிமைப்படுத்தல், நோயை ஒளித்துவைக்கக் கொடுக்கிற ஊக்கப்பரிசு.

இவ்வளவுக்கும் கையில் இருந்த சட்டம் எது? 1897-ல் பம்பாய் பிளேகுக்காக வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். மொத்தமே நாலு பிரிவு. ஒன்று பெயர். ஒன்று அரசாங்கம் என்ன வேண்டுமானாலும் உத்தரவு போடலாம் என்பது. ஒன்று மீறினால் தண்டனை. கடைசி, அதிகாரிமேல் கேஸ் போட முடியாது என்பது. நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரி கிடையாது. (அந்தச் சட்டம் போட்டபோது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து எங்களுக்குக் கிடைத்த சொத்துகளில் இதுவும் ஒன்று.) கொரோனாவில் மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் தண்டனை என்று ஒரு திருத்தம் செய்தார்கள், அது சரி. 2024-ல் சட்ட ஆணையமே தன் 286-வது அறிக்கையில், இந்தச் சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

தில்லி எழுதும்போது எழுதட்டும். புதுச்சேரியும் தமிழ்நாடும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விழுப்புரம், கடலூர் கலெக்டர்களும் புதுச்சேரி கலெக்டரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, நோய் இல்லாத இந்தச் சமயத்தில், எழுதி வைக்கலாம். அடுத்த தடவை கட்டுப்பாடு என்று வந்தால் கோடு எங்கே போடுவது? பிரெஞ்சுக்காரன் போட்ட இடத்தில் போடாதீர்கள். ஜனங்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற வட்டத்தைச் சுற்றிப் போடுங்கள். வானூரும் மேட்டுப்பாளையமும் கோட்டக்குப்பமும் காலாப்பட்டும் ஒரே வட்டம். உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே நாளில் ஒரே உத்தரவு. ஆஸ்பத்திரிச் சீட்டுதான் பாஸ், அதைக் காட்டினால் கட்டையைத் தூக்க வேண்டும். கம்பெனி அடையாள அட்டை இல்லாதவருக்கு வார்டு கவுன்சிலரோ பஞ்சாயத்துத் தலைவரோ கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருக்கட்டும். கூலிக்கு யார் பணம் போடுவது என்பதில் இரண்டு அரசும் நிச்சயம் சண்டை போடும். இப்போதே போட்டு முடிக்கட்டும். காய்ச்சல் வந்து படுத்தவன் அந்தச் சண்டை முடிகிறவரை காத்திருக்க முடியாது.

2021 மார்ச்சில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வெளிமாநிலத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களுக்கு மறுபடி இ-பாஸ் கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஆந்திரா, கர்நாடகா, புதுச்சேரி மூன்றுக்கும் மட்டும் விலக்கு. அப்படியானால் புதுச்சேரி வேறு இல்லை என்று ஒரு வருஷம் கழித்து யாரோ ஒரு அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஃபைல் தலைமைச் செயலகத்தில் எங்கேயாவது இருக்கும். அதைத் தேடி எடுத்து, மேலே சொன்ன மேஜையில் வைத்து, முதல் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.